கல்லில் உறைந்த மரம்: எத்தியோப்பிய உயர்நிலத்தின் காடும் மழையும்

எத்தியோப்பியாவின் உயர்நிலம் எரிமலைக் குழம்பால் எழுந்த நாடு. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலவெடிப்புகளின் வழியே பொங்கி வழிந்த குழம்பு, ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்காக உறைந்து, சில பகுதிகளில் 2 கிலோமீட்டர் கனம் வரை பசால்ட் என்னும் கரும்பாறையாகப் படிந்தது. பின்னர் நிலம் மேலெழும்ப, நடுவில் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு விழுந்து, நாட்டை வடமேற்கு, தென்கிழக்கு என இரண்டு மேட்டுநிலங்களாகப் பிரித்தது. ஆறுகள் இப்பாறையை ஆழமாக அறுத்துச் சென்றதால், உச்சியில் தட்டையாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் நிற்கும் குன்றுகள் எஞ்சின. அம்பா என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் இக்குன்றுகள் பல நூற்றாண்டுகள் மடங்களாகவும் கோட்டைகளாகவும், அரியணைக்கு உரிமையுள்ள இளவரசர்களை அடைத்துவைக்கும் சிறைகளாகவும் பயன்பட்டன. சீமியன் மலைத்தொடரின் ராஸ் டாஷன் சிகரம் 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, அதற்குக் கிழக்கே டனகில் பள்ளம் கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே, உலகின் மிக வெப்பமான இடங்களில் ஒன்றாகக் கிடக்கிறது.

இத்தனை ஏற்ற இறக்கமுள்ள நாட்டின் தட்பவெப்பத்தைத் திசைகளால் சொல்வதைவிட உயரத்தால் சொல்வதே பொருத்தம் என்பதை அங்குள்ள உழவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். ஏறத்தாழ 1,500 மீட்டருக்குக் கீழுள்ள வெப்பநிலம் கொல்லா; அதற்குமேல் 2,300 அல்லது 2,400 மீட்டர் வரையுள்ள மிதவெப்ப நிலம் வொய்னா டேகா; அதற்கும் மேலே குளிர்நிலமான டேகா; 3,200 மீட்டருக்கு மேல் உறைபனி விழும் உர்ச். வொய்னா என்ற சொல்லுக்குத் திராட்சைக்கொடி என்பது பொருள். கொடி படரக்கூடிய மேட்டுநிலம் என்று பயிரைக் கொண்டே நிலத்துக்குப் பெயர் அமைந்திருக்கிறது. கொல்லாவில் சோளமும், வொய்னா டேகாவில் டெஃப் என்னும் மிகச் சிறிய தானியமும், டேகாவில் பார்லியும் கோதுமையும் விளைகின்றன. ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய சரிவு ஒன்றிலேயே இம்மூன்று வகை நிலங்களும் அடுத்தடுத்து அமைவதுண்டு. அதனால் ஒரு குடும்பம் வெவ்வேறு உயரங்களில் துண்டு நிலங்களை வைத்திருப்பதும், கீழ்நிலத்தார் மேல்நிலத்தாரோடு வாரச்சந்தையில் தானியம் மாற்றிக்கொள்வதும் ஒரு விளைச்சல் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுப்பதற்கான ஏற்பாடுகளாக இருந்தன.

மழைக்கும் இதுபோன்ற நாட்டுப்பெயர்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழைக்காலம் கிரெம்ட். அக்டோபர் முதல் ஜனவரி வரை நீளும் வறண்ட அறுவடைக்காலம் பெகா. பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே, வந்தாலும் வரும் வராமலும் போகும் சிறுமழைக்காலம் பெல்க். கிரெம்ட் முடிந்து, அடேய் அபெபா என்னும் மஞ்சள் மலர்கள் மேடெங்கும் பூக்கும் செப்டம்பர் 11 அல்லது 12ஆம் நாளே எத்தியோப்பியப் புத்தாண்டு. முப்பது நாள் கொண்ட 12 மாதங்களையும், எஞ்சிய 5 அல்லது 6 நாட்களால் ஆன பாகுமே என்னும் 13ஆம் மாதத்தையும் கொண்ட அந்நாட்காட்டியின் ஆண்டு, மழை ஓயும்போது முடிந்து, நிலம் பச்சையாக இருக்கும்போது தொடங்குகிறது.

இந்த உயர்நிலத்தில் பெய்யும் மழையின் அளவு பல நூற்றாண்டுகளாக எழுதிவைக்கப்பட்டது, ஆனால் எத்தியோப்பியாவில் அன்று, எகிப்தில். டானா ஏரியிலிருந்து வெளியேறும் அபாய் என்னும் நீல நைலும், அட்பரா, சோபாட் ஆறுகளும் இம்மேட்டிலிருந்தே இறங்குகின்றன. எகிப்தின் அஸ்வானை அடையும் நைல் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு இங்கிருந்து செல்வதே. கெய்ரோவின் ரவ்தா தீவில் 861இல் கட்டப்பட்ட, அளவுக்கோடுகள் பொறித்த கல்தூணைக் கொண்ட நீரளவைக் கிணறு ஆண்டுதோறும் வெள்ளத்தின் உயரத்தைக் காட்டியது. அதைக்கொண்டே எகிப்திய அரசு அவ்வாண்டின் நிலவரியை மதிப்பிட்டது. வரி மதிப்புக்காகப் பிறந்த அந்தப் பதிவே இன்று எத்தியோப்பிய மழையின் வரலாற்றுச் சான்றாகவும் நிற்கிறது. 1200, 1201 ஆண்டுகளில் நைல் உரிய அளவுக்கு ஏறாமல் எகிப்தில் கொடும்பஞ்சம் தோன்றியதை அப்போது கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி விரிவாக எழுதிவைத்துள்ளார். எத்தியோப்பிய மேட்டில் லாலிபெலா என்னும் மன்னர் ஆட்சி செய்த காலம் அது.

தமிழகத்தின் நினைவில் தாது வருஷப் பஞ்சம் என்று நிலைத்துவிட்ட 1876–78ஆம் ஆண்டுப் பேரழிவுக்கும் இம்மேட்டுக்கும் உள்ள உறவையும் இந்தப் பதிவுகள் காட்டுகின்றன. பசிபிக் பெருங்கடலின் நீர் இயல்பை மீறிச் சூடாகும் எல் நினோ நிகழ்வு இந்தியப் பருவமழையையும் எத்தியோப்பியக் கிரெம்ட் மழையையும் ஒருசேர நலிவுறச் செய்வதுண்டு. மிகக் கடுமையான எல் நினோ எழுந்த 1877இல் சென்னை மாகாணத்துச் சாலையோரங்களில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, நைல் வெள்ளமும் பதிவேடுகள் அறிந்த மிகத் தாழ்ந்த அளவுகளில் ஒன்றுக்கு இறங்கியிருந்தது.

ஆகவே, இம்மேட்டில் மழை பொய்ப்பது புதிதன்று. மழை ஏன் பொய்க்கிறது, நிலம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்ற வினாக்களுக்கு 20ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்டுவந்த விடைதான் புதிது. முன்னொரு காலத்தில் நாட்டின் பரப்பில் 40 விழுக்காட்டைக் காடு மூடியிருந்தது என்றும், அறியாமையால் உழவர்கள் அதை அழித்து, அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 3 அல்லது 4 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள் என்றும், அதன் தண்டனையே பஞ்சம் என்றும் அந்த விடை கூறியது. அறிக்கைக்குப் பின் அறிக்கையாக இந்த 40 என்னும் எண் படியெடுக்கப்பட்டது. ஜேம்ஸ் மெக்கான் என்னும் வரலாற்றாசிரியர் 1990களில் அதன் வேரைத் தேடிச் சென்றபோது, அளந்து பெற்ற சான்று எதுவும் அதன் அடியில் இல்லை என்பது தெரியவந்தது. காடு அழியவில்லை என்பதன்று இதன் பொருள். அது எப்போது அழிந்தது, யாரால் அழிந்தது, மீண்டும் வளர்ந்ததா என்பவற்றுக்கு உண்மையான சான்றுகள் வேறிடங்களில் இருக்கின்றன.

முதற்சான்று அக்சும் நகரின் கற்களில் உள்ளது. பொது ஆண்டின் முதல் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை செங்கடல் வணிகத்தில் ஓங்கியிருந்த அக்சும் அரசு, தன் பெயரில் தங்க நாணயம் அடித்த, 4ஆம் நூற்றாண்டில் எசானா மன்னர் காலத்தில் கிறித்தவத்தை ஏற்ற பேரரசு. முசிறி முதலிய தமிழகத் துறைமுகங்களை விவரிக்கும் ‘செங்கடல் வழிப்பயணம்’ என்னும் கிரேக்க வணிகக் கையேடே, அக்சுமின் துறைமுகமான அடூலிஸையும், அங்கிருந்து தலைநகர் எட்டு நாள் நடை தொலைவில் இருந்ததையும், யானைத் தந்தம் அவ்வழியே இறங்கியதையும் குறிப்பிடுகிறது. அக்சும் மன்னர்கள் கல்லறைகளுக்கு மேல் நாட்டிய ஒற்றைக்கல் தூண்களில் மிகப் பெரியது, இப்போது விழுந்து உடைந்து கிடப்பது, 33 மீட்டர் நீளமும் சுமார் 520 டன் எடையும் கொண்டது. மற்றொன்றை 1937இல் இத்தாலியப் படை ரோமுக்குக் கொண்டுசென்று, 2005இல்தான் இத்தாலி திருப்பியளித்தது.

இந்தத் தூண்களின் பெருமை அளவில் மட்டும் இல்லை. பெரிய தூண்கள் பல மாடிக் கட்டடத்தைப் போலச் செதுக்கப்பட்டு, கதவும் சாளரங்களும், மாடிக்கு மாடி சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் உருண்டையான விட்ட முனைகளும் கல்லிலேயே காட்டப்பட்டுள்ளன. அக்சும் கட்டடக்கலையில் கல்லடுக்குகளுக்கு இடையே நீளமான மரக்கட்டைகளைப் பதித்து, அவற்றைக் குறுக்குவிட்டங்களால் பிணைப்பார்கள். சுவருக்கு வெளியே நீளும் விட்ட முனைகளுக்குக் குரங்குத்தலை என்று பெயர். டெப்ரே டாமோ என்னும் அம்பாவின் உச்சியில், கயிறு பிடித்து ஏறினால் மட்டுமே அடையக்கூடிய பழமையான மடத்துக் கோயிலில் இன்றும் அந்த மரமும் கல்லுமான சுவரைக் காணலாம். பல நூற்றாண்டுகளுக்குப் பின், மன்னர் லாலிபெலாவின் பெயரைத் தாங்கும் லாலிபெலா நகரில், நிலத்தைக் கீழ்நோக்கித் தோண்டி ஒரே பாறையிலிருந்து குடைந்தெடுத்த 11 கோயில்களில் சிலவற்றிலும், குறிப்பாக பெத்தே அமானுவேலில், அதே மரச்சட்டங்களின் வரிகள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. அங்கே எந்தச் சட்டமும் எதையும் தாங்கவில்லை. தாங்கவேண்டிய தேவையே குடைவரையில் கிடையாது. மரத்தால் கட்டிய காலத்தின் நினைவைக் கைவிட மனமில்லாத சிற்பிகளின் உளி அது என்று கொள்வதே பொருந்தும். 1520களில் இக்கோயில்களைக் கண்ட போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வரஸ், இதற்குமேல் எழுதினால் நம்பமாட்டார்கள் என்று அஞ்சி எழுத்தை நிறுத்திக்கொண்டதாகக் குறித்திருக்கிறார்.

அக்சும் ஏன் வீழ்ந்தது என்பதற்குக் கார்ல் பட்சர் என்னும் நிலவியல் தொல்லியலாளர் 1981இல் ஒரு விளக்கம் தந்தார். அரசு ஓங்கிய காலத்தில் பெல்க் மழையும் தவறாமல் பெய்து விளைச்சல் பெருகியது என்றும், மக்கள்தொகை பெருகி நிலம் அளவுக்கு மிஞ்சி உழப்பட்டு மண் அரித்தது என்றும், பின் மழையும் வணிகமும் ஒருங்கே குன்றியபோது நகரம் தாங்கவில்லை என்றும் அவர் கருதினார். பிற்காலத்து ஆய்வாளர் சிலர் மண்ணரிப்பு அவ்வளவு கொடியதாக இருந்ததா என்று ஐயுற்றாலும், மழையையும் மண்ணையும் அரசியலையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த அவர் முறை நிலைத்துவிட்டது.

இரண்டாம் சான்று ஏரிச் சேற்றில் உள்ளது. வொல்லோ பகுதியில் உள்ள ஹைக் ஏரியின் அடிச்சேற்றைக் குழாய்களால் எடுத்து, அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத் துகள்களை எண்ணிய ஆய்வாளர்கள், அவ்வட்டாரக் காடுகளின் 3,000 ஆண்டு வரலாற்றை மீட்டெடுத்தனர். ஏறத்தாழ பொது ஆண்டுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்த பழைய காடு அழிக்கப்பட்டுப் புதர்நிலமாகிவிட்டது. பல நூற்றாண்டுகள் அப்படியே இருந்தது. பின்னர் 1400க்கும் 1700க்கும் இடையில் டிட் என்று அம்ஹாரிக்கில் அழைக்கப்படும் ஜூனிபரும், வெயிரா என்னும் காட்டு ஒலிவமும் மீண்டும் செழித்துக் காடாயின. கடைசி முந்நூறு ஆண்டுகளில்தான் அந்த இரண்டாம் காடும் குறைந்தது. அழிவு என்பது ஒரே திசையில் சரியும் கோடன்று. இறங்கி, ஏறி, மீண்டும் இறங்கும் அலை என்பதை இந்தச் சேறு தெளிவாகச் சொல்கிறது. காடு மீண்ட அதே காலத்தில் ஆண்ட சாரா யாக்கோப் மன்னர் (1434–1468) தொலைவிலிருந்து ஜூனிபர் விதை கொண்டுவரச் செய்து, இன்றைய அடிஸ் அபாபாவுக்கு மேற்கேயுள்ள மெனகெஷா மலையில் காடு வளர்த்தார் என்று மரபுச்செய்தி கூறுகிறது. அந்தக் காடு இன்னும் நிற்கிறது.

காடு குறைந்த இடத்தில் ஏர் நடந்தது. ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள பெரும்பகுதிகளில் மண்வெட்டியே வேளாண்மைக் கருவியாக இருக்க, எத்தியோப்பிய உயர்நிலத்தில் மட்டும் பண்டைக்காலம் முதலே இரு எருதுகள் பூட்டிய மாரெஷா என்னும் மரக்கலப்பை வழங்கிவருகிறது. அது தமிழக நாட்டுக்கலப்பையைப் போலவே மண்ணைப் புரட்டாமல் கீறிச்செல்வது. டெஃப் விதை மணலைப்போல் நுண்ணியதாதலால், அதை விதைக்குமுன் நிலத்தை மூன்று முதல் ஐந்து முறை குறுக்கும் நெடுக்குமாக உழுது பொடியாக்கவேண்டும். டெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா என்னும் மெல்லிய அப்பம்தான் நாட்டின் அன்றாட உணவு. உழவரின் உயிர் எருதில் இருந்தது. எருது இல்லாதவர் நிலம் இருந்தும் வறியவர். தமிழகத்தின் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் முதலில் பயிராக்கப்பட்டு, மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து வந்ததுதான்; எத்தியோப்பியாவில் அதன் பெயர் டாகுசா. நீலகிரி அடிவாரம் முதல் தருமபுரி வரை கேழ்வரகு இடிக்கும் உலக்கையின் கீழ் இம்மேட்டுநிலத்தின் உழவும் இருக்கிறது.

இந்த எருதை நம்பிய வாழ்வு 1888இல் முறிந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மசாவா துறைமுகத்தைக் கைப்பற்றிய இத்தாலியப் படைக்காக இறக்குமதியான கால்நடைகளோடு, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, மாட்டுக் கொள்ளைநோய் உள்ளே நுழைந்தது. அதுவரை அந்நோயை அறியாத மேட்டுநில மாடுகளில் பத்தில் ஒன்பது மடிந்தன என்று அக்காலத்தவர் கணித்தனர். மழையும் பொய்த்தது, வெட்டுக்கிளிக் கூட்டங்களும் வந்தன. எருதின்றி உழவில்லை, உழவின்றி விதைப்பில்லை. மெனெலிக் மன்னரே கையில் மண்வெட்டி பிடித்து நிலத்தைக் கொத்திக் காட்டினார் என்றும், உழைப்பை இழிவாகக் கருதிய படைத்தலைவர்கள் அதன்பின் நிலத்தில் இறங்கினர் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மக்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்ததாகக் கூறப்படும் 1888–1892ஆம் ஆண்டுகளை அம்ஹாரிக் மொழி கிஃபு கென், அதாவது கெட்ட நாட்கள், என்று நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பேரழிவுக்குக் காடு வெட்டிய உழவரைக் காரணமாக்க எவராலும் இயலாது.

மூன்றாம் சான்று ஒளிப்படம். எத்தியோப்பிய மன்னர் டெவோட்ரோஸ் சிறைப்பிடித்திருந்த ஐரோப்பியரை மீட்கவென 1867–68இல் பிரிட்டன் அனுப்பிய படை, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பாரம் சுமக்க யானைகள் 44 சென்றன. தமிழ் வீரர்களைக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற்படையும் சென்று, அபிசீனியா என்ற பெயரைத் தன் போர்ச்சிறப்புகளில் இன்றும் தாங்கி நிற்கிறது. 1868 ஏப்ரல் 13ஆம் நாள் மக்டாலா கோட்டை விழ, டெவோட்ரோஸ் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். கோட்டையிலிருந்து அள்ளிச்சென்ற சுவடிகளும் திருச்சின்னங்களும் பிரிட்டனின் காப்பகங்களில் பெரும்பாலும் இன்னும் இருக்கின்றன. அவை திரும்பவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அப்படையோடு சென்ற பொறியியல் வீரர்கள், போகும் வழியெல்லாம் ஒளிப்படம் எடுத்தனர். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகப் புவியியலாளர் யான் நிசனும் அவருடைய எத்தியோப்பியத் தோழர்களும் 140 ஆண்டுகள் கழித்து அதே இடங்களைத் தேடிச்சென்று, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தனர். நாட்டின் வடக்கேயுள்ள டிக்ராய் பகுதியின் மலைச்சரிவுகள் 1868லேயே மொட்டையாக இருந்தன என்பதையும், இன்றைய சரிவுகளில் அன்றைவிட மரமும் கல்வரப்பும் அதிகம் என்பதையும் இரு படங்களையும் அருகருகே வைத்தால் காணலாம். காடு நிறைந்திருந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தின் படத்திலேயே காடு இல்லை.

மரம் திரும்பியதற்குக் காரணங்கள் பல. மெனெலிக் 1886இல் அடிஸ் அபாபாவை நிறுவியபோது, அதைச் சுற்றியிருந்த ஜூனிபர் காடு சில ஆண்டுகளில் விறகாகித் தீர்ந்தது. முன்னைய தலைநகரங்கள் பல விறகு தீர்ந்ததால் இடம் பெயர்ந்தவையே. அடிஸ் ஆலெம் என்னும் இடத்தில் அடுத்த தலைநகருக்கான கட்டுமானமும் தொடங்கியது. ஆனால் 1890களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ், அதாவது தைல மரம், அதற்குள் நகரைச் சுற்றி உயர்ந்துவிட்டது. மன்னர் அதை நடுவோருக்கு வரிச்சலுகை தந்தார். தலைநகரம் இடம் பெயரவில்லை. பாஹிர் சாஃப், அதாவது கடல் கடந்த மரம், என்று மக்கள் அழைக்கும் இம்மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக இன்று குறைகூறப்படுகிறது. அந்தக் குறையில் உண்மை உண்டு. இருந்தும், விறகும் கூரைக்கழியும் தந்து எஞ்சிய நாட்டுக்காடுகளின்மேல் விழவிருந்த கோடரியை அது தாங்கிக்கொண்டது என்பதும் உண்மையே.

நாட்டுமரங்கள் பிழைத்த இடம் கோயில். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹிதோ திருச்சபையின் ஒவ்வொரு கோயிலிலும் தாபோத் என்னும் புனிதப் பலகை, உடன்படிக்கைப் பேழையில் இருந்த கற்பலகைகளின் படியாக வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் புனிதம் பரவுகிறது: உள்ளே கருவறை, அதைச் சுற்றிப் பாடல்மண்டபம், வெளியே முற்றம், அதற்கும் வெளியே மரங்கள். மரமில்லாத கோயில் ஆடையில்லாத மனிதரைப் போன்றது என்பது அங்குள்ள குருமாரின் கருத்து. வானிலிருந்து நோக்கினால், பழுப்பு வயல்களின் நடுவே பச்சைப் பொட்டுகளாகத் தெரியும் இக்காடுகள் தெற்கு கொண்டர் பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பலவற்றின் பரப்பு சில ஏக்கரே. டிட், வெயிரா, ஸிக்பா, நாடாப்புழுவுக்கு மருந்தாகப் பூ தரும் கோசோ ஆகிய மரங்களின் தாய்விதைகள் அங்கேதான் உள்ளன. கால்நடைகள் இளங்கன்றுகளை மேய்ந்து விடுவதால் காடுகள் உள்ளுக்குள்ளேயே முதிர்ந்து நலிவதைக் கண்ட ஆய்வாளர் அலெமாயெஹு வாஸ்ஸே, குருமாரோடு பேசி, வயலில் கிடந்த கற்களைக் கொண்டே காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பும் முயற்சியை முன்னெடுத்தார். வயலுக்குக் கல் தொலைந்தது; காட்டுக்குக் காவல் கிடைத்தது.

பிற சரிவுகளைப் பசுமையாக்கியவை மக்களின் கைகள். 1973இன் வொல்லோ பஞ்சத்தை மூடிமறைக்க முயன்ற பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி 1974இல் கவிழ்ந்தது. அதன்பின் வந்த ராணுவ ஆட்சி, 1984இல் டிக்ராயும் வொல்லோவும் பசித்திருக்கத் தன் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. பஞ்சப் பகுதிகள் போர்ப்பகுதிகளாகவும் இருந்தன, உணவும் போர்க்கருவியாகியது. மழை குறைந்தது உண்மை. மக்கள் மடிந்ததற்கு மழை மட்டும் பொறுப்பன்று. அப்பேரழிவிலிருந்து எழுந்த டிக்ராய் கிராமங்கள், ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் பல நாட்கள் கூலியின்றி உழைத்து மலைச்சரிவெங்கும் கல்வரப்புகள் அடுக்கின; மேய்ச்சலைத் தடைசெய்து சில சரிவுகளை அப்படியே விட்டன. நாட்டின் தெற்கே கொன்ஸோ மக்கள் 400 ஆண்டுகளுக்கும் மேலாக, சில இடங்களில் 5 மீட்டர் உயரத்துக்கும், எழுப்பிவந்த கல்படிகள் 2011இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. டிக்ராயின் வரப்புகளுக்கு அத்தகைய பட்டம் எதுவும் கிடையாது.

2020 நவம்பரில் டிக்ராயில் மீண்டும் போர் மூண்டு, இரண்டு ஆண்டுகள் நீண்டது. மின்சாரமும் எரிபொருளும் அறுந்துபோன முற்றுகை மாதங்களில், முப்பது ஆண்டுகளாகக் காக்கப்பட்ட சரிவுகளில் மரங்கள் விறகுக்கும் கரிக்கும் விழுந்தன. வெயிரா, வெட்டப்பட்ட அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் இயல்புடையது. டிட் அப்படித் தளிர்ப்பதில்லை. அது திரும்பி வர விதையும், விதையைச் சுமந்துவரும் பறவையும், அப்பறவை அடையும் தொலைவில் ஒரு கோயில்காடும் வேண்டும்.